பாவித்த பந்தயப் பாய்ப்படகு: மலைக்கு ஏற்றுமுன் பார்க்க வேண்டியவை

மலையகத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள லயத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். வாசலில் நின்றால் தண்ணீர் தெரியும். ஆனாலும் பத்தொன்பது வயதில் மொரட்டுவைப் பக்கம் பைபர் வேலைக்குப் போகும்வரை ஒரு பாய்ப்படகைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பொல்கொட வாவியில் பாய்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போவதை முதன்முதலாகப் பார்த்தபோது, "நம்ம ஊருலயும் இவ்வளவு தண்ணி கெடக்கே" என்றுதான் மனதில் ஓடியது. இப்போது ஊரோடு வந்து தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பைபர் அடிக்கிறேன். அந்த நினைப்பு மட்டும் போகவில்லை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் "அண்ணே, பந்தயத்துக்கு ஒரு பழைய போட் எடுக்கணும், பார்த்துச் சொல்லுங்க" என்று வந்தார்கள். அவர்களோடு போய்ப் பார்த்ததையும், என் கையைச் சுட்டுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையோரத்தில் படகு வாங்குகிறவருக்கு, பழுது வந்தால் கூப்பிட ஆள் உண்டு. பக்கத்துப் படகில் ஒரு கப்பி இரவல் கிடைக்கும். மலையில் நமக்கு அந்த வசதி இல்லை. ஒரு ரிவெட் கழன்றாலும் கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். அதனால் படகின் குறைகளை எல்லாம் கீழேயே, காசு கை மாறுமுன்பே, கண்டுபிடித்துவிட வேண்டும்.

தண்ணீரைத் தீர்மானித்த பிறகு படகைத் தேடுங்கள்

எங்கே ஓட்டப்போகிறீர்கள்? மலையில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு நீர்நிலைக்கும் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். காசல்ரீயும் மவுசாகலையும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. கொத்மலையும் விக்டோரியாவும் மகாவலித் திட்டத்தைச் சேர்ந்தவை. ஆளுநர் வில்லியம் கிறகரி காலத்தில், 1873இல் உருவான நுவரெலியா கிறகரி வாவி சிறியது. உல்லாசப் படகுகளின் நெரிசலும் அங்கே அதிகம். எந்த இடமானாலும் பொறுப்பான அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்ற வாய்ப்பேச்சை நம்பிப் படகு வாங்காதீர்கள். அணைக்கட்டுக்கும் வான்கதவுகளுக்கும் கிட்டப் போகவே கூடாது.

இன்னொன்று, நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் ஏறி இறங்கும். மவுசாகலையில் தண்ணீர் வற்றும் காலத்தில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவில் வெளியே தெரிவதை நம்மில் பலர் போய்ப் பார்த்திருப்போம். கோவில் தெரியாத மாதங்களிலும் அதன் சுவர் தண்ணீருக்குக் கீழே அங்கேயேதான் இருக்கிறது. மரக்கட்டைகளும் பாறைகளும் அப்படித்தான். படகின் அடியில் இறங்கி நிற்கும் நடுப்பலகை இவற்றில்தான் மோதும். எந்த வகைப் படகு என்று முடிவெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

படகுக்கு முன் வகுப்பு

பாய்ப்படகுப் பந்தயத்தில் 'வகுப்பு' என்பது ஒரே அச்சில், ஒரே அளவில் செய்த படகுகளைக் குறிக்கும். எல்லோருக்கும் ஒரே படகு என்றால் முதலில் வருகிறவர்தான் கெட்டிக்காரர். வேறு வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடினால் கணக்குப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். போர்ட்ஸ்மவுத் எண் என்று ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை 1000 ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். 1100 என்ற எண்ணுள்ள படகு 55 நிமிடம் ஓடினால் அதன் கணக்கு நேரம் 50 நிமிடம். எண் பெரிதென்றால் மெதுவான படகு. இந்த எண்கள் அவ்வப்போது திருத்தப்படும். கணக்குப் பந்தயமும் நல்லதுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் தன்னுடைய அதே படகில் இன்னொருவர் எப்படி முந்திப் போகிறார் என்று பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அதனால் விளம்பரத்தில் மலிவாக ஏதோ வந்ததே என்று பாயாமல், நீங்கள் போட்டியிடப் போகும் இடத்தில் எந்த வகுப்பு ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத் தேடுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பொருத்தமானவை சிலதான்.

தனியாக ஓட்ட லேசர். 2019க்குப் பிறகு இதை இல்கா என்கிறார்கள். கனடாக்காரரான புரூஸ் கர்பி வரைந்த படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர், பாயும் பாய்மரமும் சேர்க்காத வெறும் உடல் சுமார் 59 கிலோ. ஒலிம்பிக்கில் 1996இலிருந்து இது ஒரு வகுப்பாக இருக்கிறது; 2008இலிருந்து அதன் நடுத்தரப் பாயோடு பெண்களுக்கும் தனி வகுப்பு உண்டு. அதனால் உலகம் முழுவதும் பழைய லேசர்கள் நிறைய உண்டு. உடல் ஒன்றே, பாய் மூன்று அளவு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். கீழ்ப் பாய்மரத் துண்டையும் பாயையும் மாற்றினால் அண்ணனும் தங்கையும் ஒரே படகைப் பாவிக்கலாம். 60 கிலோவுக்குக் குறைந்தவர் சிறிய பாயையும், 60க்கும் 75க்கும் இடைப்பட்டவர் நடுப் பாயையும், 80ஐ நெருங்குகிறவர் பெரிய பாயையும் எடுப்பது சரியாக இருக்கும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மெலிந்தவர்கள். நடுப் பாயோடு வரும் படகைத் தேடுங்கள்.

இருவர் ஓட்ட என்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது; நீளம் சுமார் 4 மீட்டர், பாய் நீல நிறம், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அவரே அதற்கு முன் வரைந்த ஜீ.பி. 14 இன்னும் கனமானது, உடல் மட்டும் 130 கிலோவைத் தாண்டும். தண்ணீர் விளிம்புக்கும் றோட்டுக்கும் இடையில் செங்குத்தான மண்சரிவு இருக்கும் நம் ஊரில் அந்தக் கனத்தை இழுத்து ஏற்ற நாலு பேராவது வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒப்டிமிஸ்ட்: 2.3 மீட்டர், 35 கிலோ, பதினைந்து வயதுவரை.

லேசரில் நடுப்பலகையை மேலிருந்து நேராகச் செருக வேண்டும். கட்டையில் மோதினால் அது மடங்காது. முழு அடியையும் பலகை நிற்கும் பொந்தே தாங்கும். என்டர்பிரைஸில் பலகை அச்சில் சுழலும். மோதினால் பின்னால் மடங்கி மேலே வரும். மறுபக்கம், லேசர் கவிழ்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம், உள்ளே நிற்கும் தண்ணீர் ஓடும்போதே வடிந்துவிடும். என்டர்பிரைஸ் நிமிர்ந்த பிறகும் வாளியால் இறைக்க வேண்டியிருக்கும். மலைத் தண்ணீரின் குளிரில் அது சின்ன வேலையில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, முதல் படகாக லேசரையே சொல்வேன். பக்கத்திலேயே ஒரு கூட்டாளி உறுதியாக இருக்கிறார் என்றால் மட்டும் என்டர்பிரைஸ்.

பார்க்கப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை

டோர்ச், அளவு நாடா, ஐந்து ரூபாக் குற்றி ஒன்று, தண்ணீர் உறிஞ்சும் ஸ்பொஞ்ச், சவர்க்காரத் தண்ணீர் ஒரு போத்தல், பழைய துணி, கொப்பி. முக்கியமாக ஒரு தராசு. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசைப் போல நூறு கிலோ தாங்குவது ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "நாங்க வர்றதுக்கு முன்னாடி பின்பக்கத் தக்கையைக் கழட்டித் தண்ணி வடிக்க வேணாம், இருக்கிறபடியே இருக்கட்டும்." நேர்மையானவர் சரி என்பார். வெயில் நேரத்தில் போங்கள். மழையில் ஈரமான உடலில் வெடிப்புத் தெரியாது.

உடல்: நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்

பாய் கிழிந்தால் வேறு வாங்கலாம், கயிறு நைந்தால் மாற்றலாம். உடல் போனால் படகே போய்விட்டது.

தக்கையைக் கழற்றி, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, தூக்கிப் பிடியுங்கள். பின்புறத் துளையால் எவ்வளவு தண்ணீர் வருகிறது? ஒரு கோப்பை என்றால் பரவாயில்லை. வாளி நிறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அடுத்தது நிறை. இரண்டு பட்டிகளால் கூரை வளையில் தொங்கவிட்டு நிறுக்கலாம். வளை இல்லையென்றால் படகை இரண்டு கட்டைகள் மேல் மட்டமாக வைத்து, அணியத்துக் கட்டையின் கீழே சாதாரணத் தராசை வைத்து ஒரு தடவை, அதே உயரத்தில் பின்கட்டையின் கீழே வைத்து ஒரு தடவை பாருங்கள். இரண்டையும் கூட்டி, கட்டைகளின் நிறையைக் கழித்தால் படகின் நிறை வரும். 59 கிலோ வர வேண்டிய லேசர் 62 காட்டினால் கவலையில்லை, பொருத்திய சாமான்களுக்கும் கொஞ்சம் நிறை உண்டு. 67, 68 காட்டினால், தண்ணீரை வடித்த பிறகும் அந்தக் கனம் போகவில்லையென்றால், பைபருக்கு இடையில் உள்ள நுரையில் தண்ணீர் ஊறிப் போயிருக்கிறது. கரையோர வெயிலிலேயே அதைக் காயவைக்க வாரக்கணக்கு ஆகும். நோர்வூட், பொகவந்தலாவை மிஸ்ட்டில் மாதக்கணக்காகும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பியோடு போயிருந்தேன். பாய் புத்தம்புதுசு, மடிப்புக்கூட உடையவில்லை. "அண்ணே, பாயைப் பாருங்க, எடுத்துருவமா?" என்றான். "பொறு தம்பி, மொதல்ல நிறுப்போம்" என்றேன். தராசு 70ஐத் தொட்டது. அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து அழுக்குப் பாயோடு 61 கிலோ படகொன்று அவனுக்குக் கிடைத்தது.

பிறகு குற்றியால் தட்டுங்கள். விரற்கடை விட்டு விரற்கடை, பொறுமையாக. நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென்று ஒலிக்கும். உள்ளே ஒட்டு விட்டுப்போன இடம் 'பொத் பொத்' என்று செத்த சத்தம் தரும். பலாப்பழம் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் உட்காரும் இரண்டு பக்க விளிம்பு, கால் வைக்கும் தளம், பாய்மரக் குழியைச் சுற்றிய இடம், நடுப்பலகைப் பொந்தின் பின்முனை ஆகிய நான்கையும் விடாதீர்கள். பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். ரொட்டி மாதிரி உள்ளே போய் வந்தால் அந்த இடம் உக்கத் தொடங்கிவிட்டது.

வெடிப்புகளைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் மேற்பூச்சில் மட்டும் இருப்பவை. அழகு கெடும், ஓட்டம் கெடாது. பாய்மரக் குழியைச் சுற்றி வட்டமாகவும், அடிப்பாகத்தில் வரிசையாகவும், அழுத்தும்போது வாய் திறந்து மூடும் வெடிப்புகளும் ஆபத்தானவை. முன்பு பழுது பார்த்த அடையாளம் இருந்தால் அதையே குற்றமாக எடுக்காதீர்கள். நல்ல கையால் செய்த ஒட்டு அசலைவிட உறுதியாக இருக்கும். டோர்ச் அடித்து உட்பக்கம் பாருங்கள்: கண்ணாடி இழை மேட் துணி வெடிப்புக்கு வெளியே எல்லாப் பக்கமும் நன்றாகப் பரவி ஒட்டியிருந்தால் செய்தவருக்குத் தொழில் தெரியும். ரெசின் பசையை மட்டும் ஊற்றி மூடியிருந்தால் அது மறுபடி விடும்.

லேசருக்கு மட்டும் இன்னொரு சோதனை. இதைச் செய்யாமல் காசு கொடுக்கவே கூடாது. பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றுங்கள். கால் மணித்தியாலம் பேசிக்கொண்டிருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடி பிளந்து, தண்ணீர் உடலுக்குள் போகிறது. பலத்த காற்றில் ஒரு நாள் பாய்மரம் தளத்தைக் கிழித்துக்கொண்டு சாயும். அதைத் திருத்தலாம், ஆனால் தளத்தில் துளை வெட்டிக் கையை விட்டுச் செய்யும் வேலை. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இந்தச் சோதனையைச் செய்ய வெட்கப்பட்டு, அப்படியே படகை வாங்கி வந்தார். முதல் மழைக்காலத்துக்குள் படகு படுத்துவிட்டது. வெட்கப்படாதீர்கள். விற்பவர் தண்ணீர் ஊற்ற விடவில்லையென்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

கடைசியாக ஒரு காற்றுச் சோதனை. பின்துளையில் சின்னக் குழாயைப் பொருத்தி வாயால் மட்டும் மெதுவாக ஊதி, உடலும் தளமும் சேரும் விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. சைக்கிள் பம்போ கொம்ப்ரஸரோ கூடவே கூடாது. நல்ல உடலையும் அது பிளந்துவிடும்.

மரத்தில் செய்த பழைய என்டர்பிரைஸ் கிடைத்தால், மலை ஈரத்தை நினைத்து நான் தயங்குவேன். ஆனால் வார்னிஷ் வேலை பிடித்தவர் என்றால் வாங்கலாம். நடுப்பலகைப் பெட்டியின் அடி, பின்பலகையின் கீழ் மூலைகள், முன்தளத்தின் உட்பக்கம் ஆகிய மூன்று இடத்திலும் மொட்டையான கம்பியால் குத்திப் பாருங்கள். உக்கிய மரம் கேக் மாதிரி விட்டுக் கொடுக்கும். மிதவைப் பெட்டிகளின் மூடிகள் காற்றுப் புகாமல் இறுகுகின்றனவா என்றும் பாருங்கள்.

பாய்மரம், பாய், மற்றவை

லேசரின் பாய்மரம் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் தரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் துள்ளும். மேல்துண்டில், இரண்டும் சேரும் இடத்தில் உள்ள ரிவெட்டைச் சுற்றித்தான் அது வழக்கமாக முறியும். அங்கே மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடலில் ஓடிய படகென்றால் அலுமினியத்தில் எஃகுச் சாமான் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கொஞ்சம் என்றால் துடைக்கலாம். சுரண்டினால் குழி விழுந்தால் விட்டுவிடுங்கள்.

என்டர்பிரைஸில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் நுனிகளைப் பழைய துணியால் உருவிப் பாருங்கள். துணி சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியை மாற்றியே ஆக வேண்டும். வெறும் விரலால் உருவாதீர்கள், கிழித்துவிடும்.

பாயில் தையலை நகத்தால் சுரண்டுங்கள். நூல் பொடிந்து வந்தால் வெயில் தின்றுவிட்டது. துணியைக் கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வர வேண்டும். பழைய வேட்டி மாதிரித் துவண்டால் பந்தயக் காலம் முடிந்துவிட்டது என்று பொருள், பழகுவதற்கு மட்டும் போதும். லேசருக்கு வகுப்பு விதிப்படி அனுமதிக்கப்பட்ட பாயின் முன் கீழ் மூலையில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். மலிவாகக் கிடைக்கும் நகல் பாயில் பழகலாம், வகுப்புப் பந்தயத்தில் ஓட விடமாட்டார்கள். கருப்புப் பூஞ்சைப் புள்ளிகள் பார்க்க அசிங்கம், ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை.

சுக்கான், நடுப்பலகை இரண்டின் பின்விளிம்பும் நேராக இருக்கட்டும். சுக்கான் ஆணிகளில் ஆட்டம் கூடாது. கப்பிகள் சுழல வேண்டும். கயிறுகள் எப்படியிருந்தாலும் மாற்றத்தான் போகிறீர்கள்.

தண்ணீரில் அரை மணி

விற்பவர் ஓட்டட்டும், நீங்கள் ஏறிப் போங்கள். அல்லது ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வேண்டுமென்றே ஒரு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். கரைக்கு வந்ததும் தக்கையைத் திறந்து மறுபடி வடியுங்கள். தரையில் செய்த எல்லாச் சோதனையும் சரியா என்பதை இந்தத் தண்ணீரின் அளவு சொல்லிவிடும்.

காசும் கடதாசியும்

கையில் இருப்பதை எல்லாம் படகுக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். லொறிக் கூலி, புதுக் கயிறு, உயிர்காப்பு அங்கி, குளிர் தாங்கும் உடுப்பு எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். உயிர்காப்பு அங்கியை மட்டும் பாவித்ததாக வாங்க வேண்டாம்.

விலை பேசும்போது குறைகளைக் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். "இந்தக் கம்பி மாத்தணும், இந்த ரிவெட் போகுது, இதுக்கு எவ்வளவு கொறைப்பீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பேரம் சண்டையாகாது. படகை இழுத்துச் செல்லும் கைவண்டியும் விலைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். கைவண்டி இல்லாமல் மலையில் படகு பாவிப்பது சரிவில் சாக்குத் தூக்குவது போல.

விற்ற சீட்டில் உடல் இலக்கம், பாய் இலக்கம், திகதி, இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். லேசரில் உட்காரும் குழிப் பக்கம் சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும், அதன் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். என்டர்பிரைஸ், ஜீ.பி. 14 என்றால் அளவைச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். "அப்புறமா அனுப்புறேன்" என்பதற்கு மீதிக் காசில் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

மலை ஏற்றம்

இந்தப் பகுதியை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் கீழே இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

14.5 அடி லொறியில் லேசர் சரியாக அடங்கும். பட்டா லொறியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு வரும், கித்துல்கல தாண்டிய வளைவுகளில் அது ஆபத்து. என்டர்பிரைஸின் பாய்மரம் ஒரே துண்டாக 20 அடி அளவு இருக்கும், அதற்குத் தனியாக யோசிக்க வேண்டும். படகைக் கவிழ்த்து, பழைய டயர்கள் மேல் விளிம்பு பதியும்படி வையுங்கள். கயிற்றை உடல் நெரியும் அளவுக்கு இறுக்காதீர்கள். கித்துல்கலவிலும் கினிகத்தேனையிலும் தேநீருக்கு நிறுத்தும்போது கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லொறி கிளம்புமுன் பின்பக்கத் தக்கையைக் கழற்றுங்கள். மூடிகள் இருந்தால் அவற்றையும் திறந்து வையுங்கள்.

என் முதல் படகில் இதை நான் செய்யவில்லை. மழை வந்தால் தண்ணீர் புகும் என்று நினைத்து, தக்கையைக் கிரீஸ் பூசி இறுக்கினேன். படகில் காற்றுப் போகச் சின்னத் துளை ஒன்று உண்டு. அதையும் யாரோ முன்பே அடைத்திருந்தார்கள். கினிகத்தேனை ஏறி முடியும் நேரம் பின்னால் 'படார்' என்று ஒரு சத்தம். டயர் என்று நினைத்து இறங்கினோம். படகின் தளமும் உடலும் சேரும் விளிம்பு இரண்டு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. நல்ல படகு. நான்தான் உடைத்தேன்.

காரணம் எளிது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து சுமார் 1100 மீட்டர். கீழே அடைத்த காற்று அங்கே வந்ததும் விரியப் பார்க்கும். வெளியேற வழியில்லையென்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் உள்ளிருந்து தள்ளும். நுவரெலியா 1868 மீட்டர், அங்கே இரண்டாயிரத்தை எட்டும். போதாததற்கு வெயிலில் உடல் சூடானால் இன்னும் கூடும். ஒரு சின்னத் தக்கையைக் கழற்றி வைத்தால் இவ்வளவும் இல்லை. பந்தயத்துக்குப் படகைக் கீழே கொண்டு போகும்போதும் அப்படியே. இறங்கும்போது வெளிக்காற்று உடலை உள்ளே நெரிக்கும்.

மேலே வந்த பிறகு

மலைக்காற்று கீழே உள்ள காற்று மாதிரி இல்லை. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஒரே வேகக் காற்று காசல்ரீயில் பாயைத் தள்ளும் வலு பொல்கொடவைவிடச் சுமார் 10 சதவீதம் குறையும், நுவரெலியாவில் 16, 17 சதவீதம்வரை. அதை நம்பிப் பெரிய பாயைக் கட்டிவிடாதீர்கள். பள்ளத்தாக்கு வழியே வரும் காற்று ஒரு மேட்டைச் சுற்றியதும் திடீரென்று திசை மாறி அறையும். முதல் மாதங்களில் சிறிய பாய், கரைக்குக் கிட்ட, பார்த்துக்கொள்ளத் துணைக்கு ஒரு படகு. தென்மேல் பருவக்காற்று உறுமும் நாட்களில் ஏறவே வேண்டாம்.

மலை வெயில் குளிர்ச்சியாக இருப்பதால் கெடுதல் செய்யாது என்று எண்ண வேண்டாம். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில் புற ஊதாக் கதிர் கூடும், பாய்த் தையலை அது சத்தமில்லாமல் தின்னும். ஓடி முடிந்ததும் பாயைக் கழற்றி, வீட்டுக்குள் கொடியில் காயவிட்டு, சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை. படகை நீரிலேயே கட்டி வைக்காமல் கரையேற்றிக் கவிழ்த்து, இரண்டு கட்டைகள் மேல் வைத்து, நிலத்தில் அடித்த முளைகளோடு கட்டுங்கள். கரையில் நிற்கும்போது தக்கை வெளியே இருக்கட்டும், உடல் மூச்சு விடும்.

கழற்றிய தக்கையைச் சட்டைப் பையில் போடாதீர்கள். ஒரு முழ நூலில் கோத்து, சுக்கான் பிடியில் கட்டிவிடுங்கள். சுக்கானைப் பூட்டாமல் யாரும் தண்ணீரில் இறங்க முடியாது. அதைக் கையில் எடுக்கும்போது தக்கையும் கூடவே வரும்.